போட்டோவில் இல்லாத வயர்

மூன்று வாரத்துக்கு முன்பு உன் அம்மா, சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தையே படம்பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஃப்ரேமுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, உன் நெற்றியிலிருந்து தாடைவரை நிறம் கரைந்து போயிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் மட்டும் புதுசாக அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு குரல் செய்தி. "ஏம்மா, தண்ணி எறங்கிட்டு. புள்ள மூஞ்சியே தெரியல. வேற படம் ஏதும் வச்சிருக்கியாம்மா?"

வேறு படம் இருக்கிறது. அவருக்குப் பதில் சொல்லத் துணிவில்லாமல் உனக்கு எழுதுகிறேன். நீதான் திருப்பித் திட்ட மாட்டாயே.

கம்பெனி வேலைக்காக மண்ணூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு நீயும் இன்னும் மூன்று பெண்களும் குடிவந்தபோது, நான் கேமரா வாங்கி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உன் தென்காசிப் பக்கத்துப் பேச்சு எனக்குப் பாதி புரியாது. என் பேச்சு உனக்குச் சிரிப்பு. உன் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னாடி கீது இதுல?" என்று நான் கேட்டதை ஒரு வாரம் எல்லோரிடமும் நடித்துக் காட்டினாய். அப்போது எனக்குக் கிடைத்ததெல்லாம் எங்கள் சபையில் ஒரு ஞானஸ்நானம், தெரிந்தவர் வீட்டில் ஒரு காதுகுத்து, அவ்வளவுதான். அங்கேயும், "போட்டோகிராபர் அண்ணன் எங்கம்மா?" என்று என் முதுகுக்குப் பின்னால் தேடுவார்கள். நான்தான் என்றால் முகம் சுருங்கும். வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் பொருமித் தீர்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் உன்னை உட்காரவைத்துத்தான் பழகினேன். தலையைச் சாய், தாடையை இறக்கு, பல் தெரியாமல் சிரி என்று படுத்தி எடுப்பேன். உனக்குப் பொறுக்காது. "அழகா எடுக்காண்டாம்ட்டி. என்னைய மாதி எடு" என்பாய்.

முதல் கம்பெனி வேலையை வாங்கிக் கொடுத்ததும் நீதான். உன் கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்குப் படம் எடுக்க ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும், "எங்க ஹவுஸ் ஓனர் மவ எடுப்பா சார், கல்யாணத்துக்கெல்லாம் போறவ" என்று அடித்துவிட்டாய். நான் அதுவரை ஒரு கல்யாணம்கூட எடுத்ததில்லை.

உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் அடைத்துக் காருக்கான பாகங்களை வார்க்கும் மெஷின் உன்னுடையது. அதன் கதவைத் திறந்தால் அது தானாக நின்றுவிட வேண்டும். ஆனால் கதவோரத்துச் சுவிட்சை ஒரு சிவப்பு வயரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இது என்ன என்று கேட்டேன்.

"கதவு தெறந்து கெடந்தாலும் மெஷின் ஓடும்லா? லைன் லீடர்தான் கட்டிக் குடுத்தாரு. இது இல்லன்னா டார்கெட்டு எங்க வர?"

நீ சாதாரணமாகச் சொன்னாய், நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன். வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தேன். நெற்றியில் வியர்வை, காதோரம் கலைந்த முடி, மெஷின் மேல் ஊன்றிய கை, கைக்குப் பக்கத்திலேயே அந்த வயர்.

பாதுகாப்பு அதிகாரி வந்து கேமராவை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இதையெல்லாமா எடுப்ப? டெலீட் பண்ணிடு. ரெடி பண்ணித் தரேன், அப்பறம் எடு." வயரை வெட்டச் சொன்னார். உறை பிரிக்காத கையுறையும் மஞ்சள் ஹெல்மெட்டும் வந்தன. கதவு மூடியது. நீ கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்தாய். படம் பளிச்சென்று வந்தது, உன்னை மாதிரி வரவில்லை. நான் ட்ரைபாடை மடிப்பதற்குள் லைன் லீடர் வேறொரு வயரைக் கொண்டுவந்து கட்டினார். பார்த்தேன். கையுறையையும் ஹெல்மெட்டையும் திருப்பி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அதையும் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மறைத்து முடித்ததும் அதைப் படமெடுத்துக் கொடுத்தவள் நான்.

முதல் படத்தை அழித்துவிட்டேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அழிக்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. அதில் வெளிச்சம் உன் முகத்தில் அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது. அதுவரை நான் எடுத்ததில் அது ஒன்றுதான் படம். விட மனசு வரவில்லை.

கேட்டில் ஆளுயரத்துக்கு உன் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'பாதுகாப்பே முதல்' என்ற எழுத்துக்குக் கீழே நீ. அதன் முன்னால் நாம் இருவரும் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து, ஒரு பகல் ஷிஃப்டில், அச்சில் சிக்கிய பாகத்தை எடுக்க நீ உள்ளே குனிந்திருக்கிறாய். கதவு திறந்திருந்தது. மெஷின் நிற்கவில்லை.

ஃப்ளெக்ஸை அன்றே அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் அதிகாரி போன் செய்தார். தேதியோடு ஒரிஜினல் படங்கள் வேண்டுமாம். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "நல்லவேள, நீ எடுத்து வெச்சிகினம்மா" என்றார். மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது, அந்தப் பெண்தான் அவசரத்தில் வயரைக் கட்டியிருக்கிறாள் என்று உன் அம்மாவிடம் சொன்னார்கள். சாட்சிக்கு என் படம்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ உள்ள போயிப் பாத்தேல்லா? அன்னைக்கு அந்த வயரு இருந்துச்சா?"

ஒரு வார்த்தை போதும். 'இருந்துச்சு' என்றால் தீர்ந்தது. ஆனால் அதே அதிகாரி, பக்கத்துக் கம்பெனிக்கும் என்னைச் சொல்லியிருப்பதாகக் காலையில்தான் சொல்லியிருந்தார். நான், "போட்டோல இல்லம்மா" என்றேன்.

அவர் என் கையை விட்டார். பிறகு, "அவசரக்காரிலா எம்மவ. சின்னதுலேயே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, செத்துக் கிடந்த உன்னைத் திட்டித் திட்டி அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். என் கையை அன்றே வெட்டிப் போட்டிருக்கலாம்.

அதோடு விட்டேனா? வீட்டில் மாட்ட அவர் படம் கேட்டபோது, அந்தக் கட்டைவிரல் படத்தையே ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். கதவு மூடிய படம். உன் மேல் சுமத்திய பழிக்கான சாட்சியை உன் வீட்டுச் சுவரிலேயே மாட்டிவைத்தேன், அதற்கு உன் அம்மா தினமும் பூ வைத்திருக்கிறார்.

இப்போது பாதுகாப்பு வாரம் என்றால் பென்னலூரிலிருந்து ஒரகடம்வரை என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போட்டோகிராபர் அண்ணன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ரெடி பண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ரெடி ஆகும்வரை வெளியே போய் நின்றுகொள்கிறேன். தொழில் நன்றாகப் படிந்துவிட்டது.

உன் அம்மாவின் குரலைக் கேட்ட அன்றே அந்த முதல் படத்தைத் திறந்தேன். பிரிண்ட்டுக்கு அனுப்புமுன் என் கை தானாகவே படத்தின் ஓரத்தை வெட்டப் போனது. அங்கேதான் வயர் இருக்கிறது. கையை எடுத்தேன். முழுசாகவே பிரிண்ட் போட்டேன். உன்னை மாதிரியே இருக்கிறாய்டி. வயர் அன்றைக்கே இருந்ததை அதில் பார்த்தால், அவசரக்காரி நீ இல்லை என்று உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நான் யாரென்றும் தெரிந்துவிடும்.

கவரில் போட்டு விலாசமும் எழுதிவிட்டேன். மூன்று வாரமாக அது என் கேமரா பையில் இருக்கிறது. படப்பையில் கல்யாணம், ஒரகடத்தில் கம்பெனி என்று போகும் இடமெல்லாம் கூடவே வருகிறது. ஒவ்வொரு முறையும் உன்னை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கேமராவை எடுக்கிறேன்.