குட்டையில் விட்ட விரால் ஜோடி

அன்புள்ள சூர்யா,

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். நான் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பும் இம்மானுவேலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை.

நீ ஆடியில் வந்து பண்ணைக்குட்டையில் விட்ட எண்ணூறு கட்லா மீன்குஞ்சும் போய்விட்டது. போன வாரம் வலை இழுத்தால் முப்பதுகூடத் தேறவில்லை. பக்கத்து வயல் கருப்பு மாமாதான் அள்ளிவிட்டார் என்று அப்பா டீக்கடையில் வைத்தே சத்தம் போட்டிருக்கிறார். ஏன் மாப்ள, ஒன் மகனைத் தோள்ல தூக்கிட்டு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிக்குப் போனவன், அவன் மீனையா திருடுவேன் என்று கேட்டுவிட்டு மாமா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாராம். அடுத்த மாதம் அவர் மகள் முத்துமீனாவுக்குக் கல்யாணம், ஊரெல்லாம் பத்திரிகை வைத்த மாமா நம் வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.

தின்றது யார் என்று எனக்குத் தெரியும். வைகாசியில் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்ததல்லவா, முதலில் கிடைக்கும் ஜோடியைக் குழம்பு வைக்காமல் தண்ணீரிலேயே விடுவது நம் வீட்டு வழக்கம். இந்த வருஷம் கண்மாய் வெறும் சேறாகக் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு அப்பா இரண்டு விராலையும் நம் குட்டையில் விட்டார். நீ குஞ்சு விட்ட அன்று விரால் குஞ்சைத் தின்றுவிடும் என்று அவர் காதில் மெதுவாகச் சொன்னேன், அது புழு பூச்சிதான் திங்கும், நீ பேசாம இரு என்றார், நானும் இருந்துவிட்டேன். அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. பத்து நாளாகக் கரையில் நின்று பார்க்கிறேன். செவுள் மட்டும் அதற்குப் பத்தாது, கோரை ஓரமாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குகிறது. வலை வந்தால் சேற்றுக்குள் புகுந்துகொள்ளும். பக்கத்திலேயே செக்கச்செவேலென்று அதன் குஞ்சுக் கூட்டம், தாயும் தகப்பனும் கீழே காவல். தன் பிள்ளைக்கு இம்புட்டுக் காவல் காக்கிற மீன்தான் அடுத்த மீனின் குஞ்சை முழுசாக விழுங்குகிறது. அப்பாவிடம் மறுபடி சொன்னேன். ரெண்டு மீனு எண்ணூறத் திங்குமா, காலேஜ்ல ஒனக்கு இதத்தான் சொல்லிக்கொடுத்தானா என்று சிரித்தார். நாளுக்கு எட்டு என்றால் நூறு நாளாயிற்று என்றேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

மழையில் நனையாதே, இரவில் வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அழகர் உன்னை நல்லபடியாக வைத்திருப்பார்.

கடைசியாக ஒன்று. நீ சொன்னால் அப்பா கேட்பார். குட்டையை இறைத்துப் பார்க்கச் சொல், பார்த்துவிட்டு மாமா வீட்டுக்கு அவரே போகச் சொல். எங்கேயோ போனில் படித்தேன் என்று மட்டும் சொல்லாதே சாமி. அம்மா பார்த்துச் சொன்னாள் என்று சொல்.

உன் அம்மா
பாண்டியம்மாள்