திரும்பி வந்த கட்டி

9 ஜூன் 1997, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை.

கேம்ப் பகுதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு, டாக்டரையும் பார்த்துவிட்டு, இவரும் நானும் ரிக்‌ஷாவில் போபோடியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஃபிர் ஸே ஆயா ஹை" என்றார் இந்தியில். வயிற்றுக் கட்டி திரும்ப வந்துவிட்டது. ஈரலுக்கும் பரவியிருக்கிறதாம்.

ஈஸ்டர் அன்று சபை முன்னால் நின்று, "கர்த்தர் என் வீட்டுக்காரரைப் பூரணமா சுகமாக்கினார்" என்று சாட்சி சொன்னவள் நான். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த ரிப்போர்ட் அப்படித்தான் சொன்னது. எல்லாரும் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றைக்கு அது உண்மை. இன்றைக்கு?

11 ஜூன்

ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

15 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்து கண்கலங்கினார், ஜெபித்தார். பொய் இல்லை, மனதாரத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத இப்ப யார்ட்டயும் சொல்ல வேண்டாம்மா. ஒங்க சாட்சியக் கேட்டுப் புதுசா வந்தவங்க இருக்காங்க. இடறிப்போவாங்க" என்றார்.

"அப்ப ஈஸ்டருக்கு நடந்தது என்ன பாஸ்டர்?"

"விசுவாசத்துல எங்கயோ குறை வந்திருக்கும். ஒங்களையே சோதிச்சுப் பாருங்க."

யாருடைய விசுவாசத்தில்? இவருடையதா, என்னுடையதா? நான் குறைவாக நம்பியதற்குக் கர்த்தர் இவர் வயிற்றிலா கட்டி வைப்பார்?

18 ஜூன்

இவரிடம் கேட்டே விட்டேன் — "ஒங்களுக்கு விசுவாசம் கொறஞ்சுபோச்சா?" என்று. கேட்ட வாயில் அடிக்க வேண்டும்.

இவர் கோபப்படவில்லை. "வவுறு வலிக்கையில அவர் பேரத்தான கூப்பிடுதேன் சாந்தா. வேற யாரக் கூப்பிட்டேன்?" என்றார். பிறகு, "என்னப் பத்தி யாராவது கேட்டா உள்ளதச் சொல்லு. சுகமாயிட்டான்னு மட்டும் சொல்லாத."

6 ஜூலை, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு போகவில்லை. "கட்டி திரும்ப வந்திருக்கு. சுகமாக்கினவர் ஏன் திரும்ப விட்டார்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்களுக்காக ஜெபிங்க." அவ்வளவுதான் சொன்னேன்.

பாஸ்டர் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

பெண்கள் ஐக்கியச் செயலாளர் லீலா, எப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள், இன்று என்னைப் பார்த்ததும் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

20 ஜூலை

பெண்கள் ஐக்கியக் கூட்டம் இந்த மாதம் எங்கள் வீட்டில் நடக்க வேண்டியது. "ஒங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெபிக்கக்கூட ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. என்ன தப்பா கேட்டுட்டேன்? ஆண்டவரே, நீர் இருக்கீரா? — இதை எழுதக்கூடாதுதான். ஆனாலும் கிழித்துப் போட மாட்டேன்.

2 ஆகஸ்ட்

லீலா வந்தாள். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, எனக்கு வலிப்பு போயிருச்சுன்னு போன வருஷம் சாட்சி சொன்னேன்ல? அத நம்பி மாத்திரைய நிறுத்தினேன். திரும்ப வந்துருச்சு. இப்ப யாருக்கும் தெரியாம முழுங்கிட்டு இருக்கேன்."

"ஏன் சொல்லல லீலா?"

"சொன்னா என்ன ஆகும்னு ஒங்களப் பாத்தேன்ல அக்கா. நானும்தான ஒங்கள விட்டுட்டு ஓடினேன்."

கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. டீ போட்டுக் கொடுத்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்றேன். வேறென்ன சொல்ல?

23 ஆகஸ்ட்

இவர் போய்விட்டார்.

25 ஆகஸ்ட்

அடக்கம் முடிந்தது. கல்லறையில் பாஸ்டர், "கர்த்தருடைய சித்தம்" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். அதை விட்டுவிட்டு ஜெபம் மட்டும் பண்ணினார்.

7 செப்டம்பர், ஞாயிறு

இனிமேல் போவதில்லை என்றுதான் இருந்தேன். காலையில் புடவையை மாற்றிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இவருடைய கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

சாட்சி நேரத்தில் லீலா எழுந்தாள். "எனக்கு வலிப்பு இன்னும் இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன்" என்றாள். முன்வரிசையில் தலைகள் திரும்பின. யாரோ "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். லீலா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.

பாஸ்டர் எழுந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பாடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டு, "சொல்லும்மா, கேக்குறோம்" என்றார்.