ரூபி போடாத பேட்டரி

5 மே 1984, சனி

அரை நாள் வேலை. கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஜாலான் புசாரில் ரவூப் பாயின் எலெக்ட்ரானிக் சாமான் கடைக்குப் போனேன். ரூபிக்கு அடுத்த மாதம் இருபத்து நாலாம் தேதி கோயிலில் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள். அக்கா மகள், அதோடு ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தின ஞானத்தகப்பனும் நான்தான். "சின்னதா ஒரு தங்கச் சிலுவை வாங்கிப் போடுடா, போதும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். ரூபி என் காதில் வேறு சொன்னாள்: "மாமா, சுவத்துல முட்டினா தானாத் திரும்பிப் போற ரோபோ இருக்காம். நாமளே செய்யலாமாம்."

எட்டு வயது. போன மாதம் அலாரம் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டு, "உள்ள எது அடிக்குதுன்னு பாத்தேன்" என்றாள். அதற்கு முந்தின மாதம் அயர்ன் பெட்டி.

பாய் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். சின்னதில் ஒயரை ஸ்பிரிங்கில் செருகினால் போதும். சக்கரமும், முன்னால் மீசை மாதிரி ஒரு கம்பியும். மோதினால் திரும்பும். பெரியது நடக்கும், கண்ணில் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் எல்லாவற்றையும் ஈயம் வைத்து சால்டர் பண்ண வேண்டும்.

"பிள்ளைக்கு என்ன வயசு தம்பி? எட்டா? அப்ப இந்தச் சின்னதுதான். தப்பாப் போட்டாலும் கழட்டி மறுபடி போட்டுக்கலாம். பெருசுல தப்புப் பண்ணா அவ்வளவுதான்லா."

"நான் டெக்னீஷியன் பாய். கூட இருந்து செஞ்சு குடுத்துடுவேன்."

ஏன் சொன்னேன்? அவர் கேட்கவே இல்லையே. பெரிய பெட்டியோடு வந்தேன்.

8 மே, செவ்வாய்

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதலாம். நான் டெக்னீஷியன் இல்லை. ஜூரோங்கில் ரேடியோ ஃபேக்டரி ஸ்டோரில் வேலை. லைனில் உட்கார்ந்து சால்டர் பண்ணும் பெண்களுக்குத் தள்ளுவண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலு வருடம் முன்னால் கோயில் வாசலில் யாரோ கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அக்கா பூரித்துப்போனாள். அப்புறம் அதை எப்படித் திருப்பி எடுப்பது? இப்போது கோயில் பங்கில் பாதிப்பேர் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வாரம் வைத்திருந்து, "பார்ட்ஸ் கிடைக்கல" என்று திருப்பிக் கொடுக்கிறேன்.

19 மே, சனி

கை இன்னும் நாறுகிறது.

அக்காவும் ஜார்ஜ் அத்தானும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். ரூபி ஞானோபதேச வகுப்பில். அவள் முன்னால் நான் தடுமாறக் கூடாது, முதலில் தனியாகச் செய்து பார்த்துவிடலாம் என்று பெட்டியைப் பிரித்தேன். லைனில் ஒரு பெண்ணிடம் கெஞ்சி சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கி வந்திருந்தேன். தினமும்தானே பார்க்கிறேன், பொட்டு வைப்பது போல வைத்துக்கொண்டே போவார்கள். எனக்குக் கஞ்சி மாதிரி வழிந்தது. கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒப்பேற்றிவிட்டு பேட்டரியைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். புகை. பார்ட்ஸ் வைத்த பலகை நடுவில் கருகிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். சாம்பிராணி வேறு போட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

20 மே, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெட்டியைத் திற, திற என்று ரூபி ஒரே குதி. அக்கா திறந்தாள். "இது என்னடா, கருகிக் கெடக்கு?"

நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்: "கொஞ்சம் கொஞ்சமாச் செஞ்சு வச்சிருந்தேன்க்கா. நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ பேட்டரிய மாத்திப் போட்டிருக்காங்க."

யாரோ! இந்த வீட்டில் யார் அந்த யாரோ? எல்லோரும் ரூபியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை தொறந்து பாத்தேம்மா. தொட்டுப் பாத்தேன். ஆனா..."

அந்த ஆனாவை அக்கா முடிக்க விடவில்லை. இறகுத் துடைப்பத்தின் பிரம்பால் காலில் மூன்று அடி. "மாமா ஆசையா வாங்கிட்டு வந்தத நாசம் பண்ணிட்டியே! கடிகாரம் போச்சு, அயர்ன் பெட்டி போச்சு, இப்ப இதுவா?"

"விடுக்கா, சின்னப் பிள்ளதானே" என்றேன். பெரிய மனசு! த்தூ.

21 மே, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

3 ஜூன், ஞாயிறு

ரூபி இப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறாள். "மாமா, ஃபேன் சுவிட்சப் போடலாமா?" என்று இன்று கேட்டாள். ஃபேன் சுவிட்ச்! ரேடியோ கரகரத்தது. ஏன் கரகரக்கிறது என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பிள்ளை அடங்கிவிட்டாள் என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

16 ஜூன், சனி

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், ஃபாதரிடம் போய்ப் பாவங்களைச் சொல்ல வேண்டும். மறந்துபோகாமல் இருக்கப் பாவங்களை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம் ஞானோபதேச வகுப்பு பிரிஜட் டீச்சர். ரூபி தாளோடு என்னிடம் வந்தாள். பூசையில் பேசினது. அம்மாவிடம் பொய் சொன்னது. பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை எடுத்தது. நாலாவது, 'மாமாவோட ரோபோவக் கெடுத்தது.'

"இதுதான் பெரிய பாவமாம். இத மறைச்சா நன்மை வாங்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. ஆனா மாமா, நான் பாக்கும்போது அதுல பேட்டரியே இல்ல. பேட்டரி இல்லாம எப்படிக் கருகும்? ஃபாதர் கேட்டா என்ன சொல்றது? நீங்க டெக்னீஷியன்தானே, சொல்லுங்க."

அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எப்படிக் கருகியது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. "அப்புறம் சொல்றேம்மா" என்றேன்.

செய்யாத பாவத்தை இந்தப் பிள்ளை முழங்கால் போட்டுச் சொல்லப்போகிறது. நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு ஞானத்தகப்பன்.

19 ஜூன், செவ்வாய்

சொல்லவில்லை. நேற்று அக்காவுக்குத் தலைவலி என்று ஒரு சாக்கு. இன்று அத்தானைப் பார்க்க ஆள் வந்திருந்தார் என்று ஒரு சாக்கு. நாளைக்கு என்ன சாக்கு, எட்மண்ட்?

22 ஜூன், வெள்ளி

சொல்லிட்டேன்.

சாப்பிடும்போது. "அக்கா, அதக் கெடுத்தது நான்தான். போன மாசம் ஒரு சனிக்கிழமை நீங்க யாரும் இல்லாதப்ப பேட்டரிய மாத்திப் போட்டுட்டேன். ரூபி ஒண்ணும் பண்ணல. இன்னொண்ணு, நான் டெக்னீஷியனும் இல்ல. ஸ்டோர்ல வண்டி தள்றேன்."

அத்தான் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

"அப்ப பேட்டரி இருந்துச்சு!" என்றாள் ரூபி. விடை கிடைத்துவிட்டதே என்று ஒரு கணம் முகமெல்லாம் சிரிப்பு. பிறகுதான் என்னைப் பார்த்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. "வண்டி தள்ளினா என்னடா? அதயா நான் கேட்டேன்? பிள்ளைய மூணு அடி அடிச்சேனேடா. நீ நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

இருந்தேன். அந்தப் பிரம்பை எடுத்து என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை.

23 ஜூன், சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நானும் நின்றேன். ரூபி கையில் தாள். நாலாவது வரியை அடித்துவிட்டுக் கீழே புதிதாக ஏதோ எழுதியிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் மடித்துக்கொண்டாள். என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? 'மாமா மேல கோவம்' என்றுதான் இருக்கும்.

24 ஜூன், ஞாயிறு

நன்மை வாங்கினாள். வெள்ளை கவுன், வெள்ளைக் காலுறை. போட்டோவில் நான் ஓரமாக நிற்கிறேன். கோயில் வாசலில் ஒருவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அவன் ஸ்டோர்ல வேல பாக்கறான். ரிப்பேர் தெரியாது" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் நாலு வருடத்தில் முதல் தடவையாக வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

30 ஜூன், சனி

அக்காவிடம் கேட்டுவிட்டு ரூபியைப் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தாள். பாய் சின்னப் பெட்டியை அவள் கையிலேயே கொடுத்தார்.

"இதுல தப்பாப் போட்டா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. கழட்டிட்டு மறுபடி போடு."

யோசித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப மாமாவுக்கும் இது சரியா வரும்" என்றாள். பாய் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

1 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து அவளே செருகினாள், கழற்றினாள், மறுபடி செருகினாள். நான் ஒயர் எடுத்துக் கொடுத்தேன். அதுதானே என் வேலை. அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பேட்டரியை என்னிடம் நீட்டினாள். "இத நீங்க போடுங்க மாமா."

போட்டேன். சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் ரூபி குனிந்து, நான் போட்டது சரிதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.