உண்ணாதார் உளரோ

பருவமழை தவறாது பொழியும் தென்முல்லை நாட்டின் அரியணையில் வீற்றிருந்து குடிகளைக் காத்தருளும் கோமகள் இளநங்கையார் திருவாய் மொழிந்தருள, அறச்சாலை அமைச்சர் கீரன் மல்லன் எழுதிய ஓலை. நெடுங்காவு எல்லைக் காவலர் கொற்றன் அழிசியார் கைக்கொள்க. தங்கள் மதில் நிலைபெறுக. தங்கள் நகரில் அடுப்புப் புகை அறாதிருக்க.

மூங்கிற்காட்டுக் குடிகளுக்கு நெல்லும் உப்பும் ஆடையும் ஈந்து வருமாறு அனுப்பப்பட்ட அதிகாரி சேந்தனுக்கு நேர்ந்ததையும், அதன்பொருட்டுத் தாங்கள் செய்யவேண்டுவதையும் இவ்வோலை உரைக்கும்.

சென்ற பஞ்சத்தில் அரண்மனையின் கருணை வழக்கம்போல் காலம் தாழ்ந்தே காட்டுக்குப் புறப்பட்டது. அதைக் கொண்டு சென்றவன் சேந்தனின் தம்பி இளநாகன். அவனும் போய்ச் சேரவில்லை, நெல்லும் போய்ச் சேரவில்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே இவ்வாண்டு போகிறவர் யார் என்று கேட்கப்பட்டபோது அவையோர் அனைவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, சேந்தன் தானே எழுந்து நின்றான். அறம் செய்யப் போவதாகவே சொன்னான். தம்பியைத் தேடித்தான் போகிறான் என்பது அவையின் தூண்களுக்கும் தெரிந்திருந்தது.

நம் அறச்சாலை வழக்கம் தாங்கள் அறிந்ததே. வாயில் சாத்துமுன் வெளியே நோக்கி, ‘உண்ணாதார் எவரேனும் உளரோ, வருக’ என்று கூவ வேண்டும்; மறுமொழி வாராதிருந்தால்தான் ஈகை நிறைவுறும். காட்டூரில் சாத்துவதற்கு வாயில் ஏது? ஊர் முடியும் இடத்தில் நின்று, அந்தி மங்கும் வேளையில், மூங்கிற்புதர்களை நோக்கிச் சேந்தன் கூவினான். உள்ளிருந்து ‘இருக்கிறேன்’ என்று ஒரு குரல் வந்தது. பிந்தி வந்தவர் எவரோ என்றெண்ணி இலை விரித்துச் சோறு வைத்தான். எவரும் வரக் காணோம். சற்றே திரும்பிவிட்டுப் பார்க்கையில் இலை வெறுமையாய்க் கிடந்தது. ஈர மண்ணில் அடிச்சுவடு ஒன்றும் இல்லை.

ஊர்த்தலைவி பூவை அவன் கையைப் பற்றி இழுத்து, ‘எங்களுக்குப் போட்டீங்க, நல்லா இருங்க சாமி. காட்டப் பாத்து எதுக்குக் கேட்டீங்க? பஞ்சத்துல செத்தவங்கள அங்கதான போட்டு வச்சிருக்கோம். கூப்பிட்டா அவங்க விருந்தாளி. தெனமும் போடணும். சோறு இல்லாத அன்னைக்குக் கூப்பிட்டவரையே கூட்டிட்டுப் போயிருவாங்க’ என்று சொன்னதாக அவனுடன் சென்ற சுமையாளர் கூறினர். மறுநாள் விடிந்ததும், பெற்ற நெல்லைத் தொடாமல், தன் மக்களைக் கூட்டிக்கொண்டு அவள் மலையேறிவிட்டாள்.

மறுமொழி நின்றபாடில்லை, ஆகவே சேந்தன் அன்று மாலையும் கூவினான். குரல்கள் பலவாயின, கிட்டவும் வந்தன. அவற்றுள் ஒன்று, ‘அண்ணே, நான் இன்னும் சாப்பிடலையே’ என்றது.

சேந்தன் அக்குரல் வந்த திசையில் இலை விரித்து அமர்ந்துவிட்டான். சுமையாளர் அடிபணிந்து அழைத்தும் அவன் அசையவில்லை. தம்பி கையில் ஒரு பிடி சோறு விழுவதைக் கண்ணால் கண்டபின் வருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டான். அவ்விடத்தில் யாம் இருந்திருப்பினும் வேறு செய்திருக்க மாட்டோம்.

தேடிச் சென்ற தங்கள் வீரர் கண்டவை காலியான நெல் மூட்டைகளும், ஊரெல்லை தொடங்கிக் காட்டின் உள்வரை வரிசையாய் விரிந்து கிடந்த இலைகளும். எல்லா இலைகளும் வழித்து உண்ணப்பட்டிருந்தன. சேந்தன் இல்லை. அந்தியில் அவன் குரல் மட்டும் காட்டுக்குள்ளிருந்து, ‘உண்ணாதார் எவரேனும் உளரோ, வருக’ என்றது. நடந்து களைத்த வீரன் ஒருவன் பசி தாளாது, ‘நான் இருக்கிறேன்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். விடியலில் அவன் வேலும் செருப்பும் கிடந்தன, அவனைக் காணவில்லை. அதே அழைப்பு இப்போது நெடுங்காவின் மதிலருகே கேட்பதாகத் தங்கள் ஓலை உரைக்கிறது.

வயிறு நிறைந்தவர்களை அவர்கள் அழைத்துச் செல்வதில்லை என்று பூவை போகும்போது சொன்னாளாம். ஆகவே கோமகளார் ஆணை இது: அந்திக்கு முன் தங்கள் நகரில் எவரும் பசித்திருத்தல் ஆகாது. களஞ்சியத்தைத் திறந்து வைக்க. வழிப்போக்கருக்கும் சிறைப்பட்டோர்க்கும், பிடிபட்ட பகைவர் ஒற்றனுக்கும் சோறிடுக.

எல்லோர்க்கும் முன்பாகக் கீழைத்தெரு வெண்ணியம்மைக்கு இடுக. இளநாகனையும் சேந்தனையும் பெற்றவர் அவர். செய்தி வந்த நாள்முதல் ஒரு பருக்கையும் தொடாது, அந்திதோறும் மதிலடியில் வந்து அமர்கிறாராம். பசியோடு அவர் அங்கே எதற்காகக் காத்திருக்கிறார் என்பது தங்களுக்கும் தெரியும், எமக்கும் தெரியும். வீரரை அனுப்ப வேண்டா. தாங்களே சென்று, அதிகாரம் காட்டாது அருகில் அமர்ந்து, வைதாலும் அழுதாலும் பொறுத்து, இருட்டுமுன் அவர் வாயில் ஒரு கவளமேனும் ஊட்டுக.

நெற்கதிர் முத்திரை இட்டோம். இவ்வோலை தங்கள் கை சேரும் வேளை மாலையாயின், ஓலையைச் சுருட்டவும் நில்லாது கீழைத்தெருவுக்கு ஓடுக.