மீன்பிடிப்பு: இல்லை

எம்.ரெட்டியபட்டி
4.5.2025

அன்பு அர்ஷியாவுக்கு,

நலமா என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லையடி. வயிறு எரிகிறது. நேற்று கண்மாயில் மீன்பிடி. ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கியது. பிடித்த மீனெல்லாம் சாய நாற்றம்! குழம்பு வைத்துக் கீழே கொட்டினோம். திருச்சுழிக்கு உன் உம்மாவுக்கு வழக்கம்போல் கொடுத்தனுப்ப முடியவில்லை.

இந்த லட்சணத்தில் சாயப்பட்டறையை இன்னும் பெரிதாக்கப் போகிறார்களாம். 26ஆம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம். போன தடவை பட்டறைக்காரவுக இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள், நாங்கள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ சென்னையில் சுற்றுச்சூழல் வேலைதானே பார்க்கிறாய்? கூடப் படித்தவளுக்குப் பத்து வார்த்தை சொல்லிக் கொடு. போனில் சொன்னால் மண்டையில் நிற்காது, எழுதி அனுப்பு.

உன் ஜெகதீஸ்வரி

சென்னை
10.5.2025

பிரியமுள்ள ஜெகதீ,

நலம். உனக்காக துஆ செய்கிறேன். 'எஃப்ளுயன்ட்' என்றால் ஆலைக் கழிவுநீர். 'கன்டாமினேஷன்' என்றால் நஞ்சு கலப்பது. 'நெக்லிஜிபிள்' என்றால் பொருட்படுத்தத் தேவையில்லாதது. 'நில்' என்றால் அறவே இல்லை. மீதி, தாளின் பின்பக்கம்.

ஆனால் உனக்கு எதற்கு இந்த வம்பு? பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கும் பட்டறை ஆய்வறிக்கையையெல்லாம் புரட்டாதே, எங்களுக்கே தலைவலி அது. தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டு வா, போதும்.

அன்புடன்
அர்ஷியா

எம்.ரெட்டியபட்டி
19.5.2025

அர்ஷியா,

நீ புரட்டாதே என்ற அறிக்கையைத்தான் படித்தேன். உன் தாளைப் பக்கத்தில் வைத்து, மூன்று நாள், எழுத்துக் கூட்டிப் படித்தேன். கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது சோதனைக்குத் தண்ணீர் எடுத்துவிட்டு, பாதிப்பு 'நெக்லிஜிபிள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில், மீன்பிடிப்பு: 'நில்'. கடைசியில், தயாரித்தவர் எம்.அர்ஷியா. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

மீன்பிடி அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது, வேண்டியவர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. அதனால் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை, சரி. உன் வயிற்றில் ஏறவில்லையா? இருபது வருஷம் தூக்குவாளியில் உன் வீட்டுக்கு வந்தது மீன் இல்லாமல் என்னடி? உனக்கு வெட்கமாக இல்லை?

26ஆம் தேதி அந்தப் பக்கத்தை நான்தான் வாசிக்கப் போகிறேன், உன் பெயரையும் சேர்த்து.

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன் உம்மாவைப் பார்த்தேன். "இந்த வருசம் மீனு வரலையேம்மா, மறந்துட்டியா?" என்று கேட்டார்கள். ஏன் வரவில்லை என்று நீயே அவர்களுக்கு எழுது. அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழில் எழுது.

ஜெகதீஸ்வரி