மூன்றாவது கோரிக்கை

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காற்றே இல்லை. உப்பு நன்றாக விளையும், நாங்கள்தான் வேகணும். வாங்க வேண்டியது: சோப்பு, புளி, கால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய்.

முதலாளிக்கு மனு எழுத உட்கார்ந்தேன். உப்பளத்துப் பெண்களில் பிளஸ் டூ படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் என் தலையில்.

1. மேஸ்திரியை மாற்றணும்.
2. கழிப்பறை.
3. நிழலுக்கு ஒரு கொட்டகை.

எழுதிவிட்டுப் பார்த்தால் கழிப்பறை இரண்டாவது! யாருக்காக எழுதுகிறாய் மல்லிகா? அடித்துவிட்டு மேஸ்திரியைக் கடைசிக்குத் தள்ளினேன். பார்வைக்கு இப்போது நன்றாக இருக்கிறது. மனசில் அவன்தான் ஒன்றாம் நம்பர்.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி அதே நினைப்பு. போன மாசம், எனக்குத் தூரமான நாள். வரப்புக்குப் பின்னால் ஒதுங்கினேன். எங்கள் அளத்தில் யாரும் தனியாகப் போக மாட்டோம். ஒருத்தி உட்கார, இன்னொருத்தி முதுகைக் காட்டி நின்று முந்தானையை விரித்துப் பிடிப்பாள். மறைப்பு என்போம். எனக்கு எப்போதும் அஞ்சலை, அவளுக்கு நான். அவள் மே.யின் பெண்டாட்டி. (மேஸ்திரி என்று முழுசாக எழுதக்கூட கை வரவில்லை.)

அன்றைக்கு மே. பாத்தியில் நின்று கத்தினான். "இன்னாம்மா மல்லிகா, அங்க புதையலா தோண்டுற? எவ்ளோ நேரம்?" ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண்களில் சிலரும்தான். அஞ்சலை மட்டும், "யோவ், வாய மூடுய்யா!"

அதிலிருந்து வேலை முடிகிற வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. அவனும் ஒருநாள் எல்லார் முன்னாலும் கூனிக்குறுகி நிற்கணும். அதை நான் பார்க்கணும்.

ஏப்ரல் 11, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்து வாங்கினேன். படித்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு. மூன்றை விட்டுவிட்டேன். மறந்துபோச்சு என்று எழுதினால் பொய். வேண்டுமென்றேதான்.

அஞ்சலை முதல் ஆளாகக் கட்டைவிரலை நீட்டினாள். "பாத்ரூம் வந்துட்டா நம்ம ரெண்டு பேருக்கும் நிம்மதி, இல்லக்கா?"

"ஆமா"ன்னேன். மை துடைக்க என் முந்தானையையே கொடுத்தேன்.

அனுமந்தையிலிருந்து சங்கரா மீன் வந்தது. குழம்பு அருமை. வெட்கமில்லாமல் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

முதலாளி வந்தார். வரப்பில் ஏறவில்லை, ரோட்டோரமே நின்று எல்லாரையும் கூப்பிட்டார். மனுவை நீட்டினேன், வாங்கவில்லை. "நீதான எழுதுன? சத்தமா படிம்மா."

முன்னால் மே. பக்கத்திலேயே அஞ்சலை.

இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மூன்றாவதை இன்னும் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன்.

மே. தலை குனிந்தான். நான் ஆசைப்பட்டது அதேதான். ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, "இத நமக்குப் படிக்கவே இல்லியே?" அஞ்சலை தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி சொன்னது: "பாத்ரூம், கொட்டகைலாம் இந்த சீசன்ல முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம். மேஸ்திரிய நாளைக்கே மாத்திடறேன், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல."

மனசில் ஒன்றாம் நம்பராக இருந்தது மட்டும் கிடைத்தது.

ஏப்ரல் 16, புதன்

புது மேஸ்திரி. பெரிய மீசை, பேச்சு கம்மி. வெயில் அப்படியே.

அஞ்சலை வேலைக்கு வந்திருந்தாள். வராமல் என்ன செய்வாள், இரண்டு பிள்ளைகள். பக்கத்தில் போனால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போகிறாள். கூப்பிட்டேன். "உங்க வேலையப் பாருங்க." இத்தனை வருஷம் என்னை வா போ என்றவள்.

வருத்தமா? இருக்கிறது. சந்தோஷமும் இருக்கிறது. அவன் குனிந்த தலையை நேற்றிலிருந்து பத்து தடவையாவது நினைத்துப் பார்த்துவிட்டேன். இந்த நோட்டிலும் பொய் எழுதினால் வேறு எங்கே உண்மை எழுதுவது.

பதினோரு மணிக்கு அடக்க முடியவில்லை. கூடையை வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். யாரும் நிமிரவில்லை. வரப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மறைப்புக்கு ஆள் இல்லை.