ஆல்வின் மாரெக் இறந்த நாள்

ஹோலுப், டெக்சஸ்
9 மார்ச் 1981

மதிப்பிற்குரிய திருமதி ஓலெட்டா மாரெக் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. உறையில் என் பெயரைப் பார்த்து, ஆல்வினின் தூரத்து உறவு யாரோ என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்கும் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

உங்கள் ஊர்ப்பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், ஆல்வின் நவம்பரில் காலமான செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பியிருந்தான். என் அனுதாபங்கள். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. அந்த ஆல்வினை 1948இல் இந்த ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் நான் கல்யாணம் செய்துகொண்டேன். ஐந்து வருஷம் கழித்துப் பருத்தி விற்கப் போனவர் திரும்பி வரவில்லை. விவாகரத்து என்று எந்தக் காகிதமும் எனக்கு வந்ததில்லை.

பயப்படாதீர்கள், வீடு நிலம் என்று எதையும் கேட்டு நான் எழுதவில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழில் ஒரு பிரதி வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் எனக்கு இன்னொரு கல்யாணம் கூடி வந்திருக்கிறது. முந்தின கணவர் இறந்ததற்குக் காகிதம் காட்டினால்தான் எங்கள் பங்குச் சாமியார் கல்யாணத்தை நடத்திவைப்பார்.

உங்கள் கவுண்டியில் பிறப்பு இறப்பெல்லாம் பதிகிற கிளார்க் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். நெருங்கிய உறவுக்குத்தான் கொடுப்போம், பதிவில் மனைவி பெயர் வேறாக இருக்கிறது, நீங்களும் மனைவி என்றால் திருமணச் சான்றை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சான்று என் பெட்டியில் இருக்கிறது. அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் கிளார்க் அலுவலகத்தில் காலையில் கொடுத்த காகிதம் மத்தியானத்துக்குள் எல்லார் வாயிலும் இருக்கும். உங்கள் ஊரும் அப்படித்தானே? அதனால் அனுப்பவில்லை. நீங்களே ஒரு பிரதி வாங்கி அனுப்பினால் நன்றியோடு இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
அல்பினா மாரெக்


பிளெட்சர் வெல்ஸ், டெக்சஸ்
14 மார்ச் 1981

இறந்துபோன அல்பினாவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆல்வின் என்னிடம் உங்களை டைஃபாய்டில் சாகடித்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. பாவம், இளம் வயதில் போய்விட்டாளே என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் அழக்கூடச் செய்தேன்.

அதற்குப் பிறகு உங்களோடு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்த மனுஷன் சொல்வது ஒன்றுதான்: "அல்பினா ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்ல." நீங்கள் சுட்ட கசகசா ரொட்டிக்கு முன்னால் என் ரொட்டி எடுபடாது. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். செத்தவளை என்ன செய்ய?

இப்போது செத்தவள் கடிதம் எழுதுகிறாள். நீங்கள் சொல்வது நிஜம் என்றால் நான் யார்? என் மகள் டார்லா யார்? எங்கள் கிளார்க் ஜெனட் என்னோடு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள். இன்னொரு பிரதி கேட்டுப் போனால் எதற்கு என்று கேட்பாள். நான் என்ன சொல்வேன்?

ஒன்று மட்டும் புரியவில்லை. புருஷன் ஓடிப்போனது சின்ன ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்குமே. இந்தப் பத்திரிகைத் துண்டைக் காட்டி, அவன் செத்துவிட்டான் என்று சாமியாரிடம் சொல்ல வேண்டியதுதானே? இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

ஓலெட்டா மாரெக் (இந்தப் பெயரில்தான் எனக்கு ஓட்டே இருக்கிறது)


ஹோலுப்
18 மார்ச் 1981

அன்புள்ள ஓலெட்டா அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. என் பதிலைப் படித்தால் இன்னும் கோபம் வரும்.

அவர் ஓடிப்போனது இங்கே யாருக்கும் தெரியாது. என் தங்கை மகன்கூடப் பெயர் ஒற்றுமையைப் பார்த்து வேடிக்கையாகத்தான் அந்தப் பத்திரிகைத் துண்டை அனுப்பினான். அவர் என்னை டைஃபாய்டில் சாகடித்தார் என்றீர்களே, அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நான் அவரை நிமோனியாவில் சாகடித்துவிட்டேன்.

வேலை தேடிப் போயிருக்கிறார் என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தேன். கோவிலில் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவளிடம் என்ன குறையோ, அதனால்தான் போய்விட்டான் என்கிற பார்வை. அதைத் தாங்க முடியாமல் ஒரு நாள் பஸ் ஏறி சான் அன்டோனியோ போய், ஒரு சிநேகிதி வீட்டில் சில நாள் இருந்துவிட்டு, கறுப்பு உடையில் திரும்பி வந்தேன். மேற்கே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றேன். அன்று சாயங்காலமே வீடு நிறைய நூடுல் சூப் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்தச் சூப்பைக் குடித்தேன், ஓலெட்டா. வெட்கமில்லாமல் குடித்தேன்.

எனக்குப் பார்த்திருப்பவர் எமில் ஓர்சாக், பஞ்சாலையில் மெக்கானிக். அவர் மனைவி ஆக்னஸ் புற்றுநோயில் சாகக் கிடந்தபோது என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, "ஆல்வினுக்குக் கடைசி நேரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பயந்துபோயிருந்தார். நான் சொன்னேன்: என் கையைப் பிடித்துக்கொண்டார், பயமில்லை என்றார், தூங்குவது மாதிரி போனார். நா கூசாமல் சொன்னேன். அந்த வார்த்தைதான் தன்னைத் தாங்கியது என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். கல்லறைத் திருநாளில் ஆக்னஸுக்கு ஒரு மெழுகுவர்த்தி, ஆல்வினுக்கு ஒன்று ஏற்றுவார். நீங்கள் அதே ஆல்வினுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

பத்திரிகைத் துண்டு எங்கள் சாமியாருக்குப் போதாது, சான்றிதழ்தான் வேண்டும்; அதில் 1980 என்று இருக்கும். சாமியாரிடம் மட்டும் தனியாகக் காட்டி, விஷயத்தைச் சொல்லி, எமிலுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை இழக்க எனக்கு மனமில்லை.

அல்பினா


பிளெட்சர் வெல்ஸ்
24 மார்ச் 1981

சகோதரி அல்பினாவுக்கு,

எங்கள் சபையில் பிடிக்காதவர்களையும் சகோதரி என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே பெருமைப்பட வேண்டாம்.

நேற்று கோர்ட் கட்டடத்துக்குப் போனேன். ஜெனட் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இன்னொண்ணா? நவம்பர்ல அத்தனை வாங்கிட்டுப் போனியே" என்றாள். இன்ஷூரன்ஸ்காரன் தொலைத்துவிட்டான் என்றேன். படிவத்தை நீட்டினாள். இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு வரி. அதற்குக் கீழே, பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று சின்ன எழுத்து. நவம்பரில் அதைப் படிக்கக்கூட இல்லை. மனைவி என்று எழுதிப் போட்டுவிட்டேன். நேற்று பேனா நின்றுவிட்டது. ஜெனட் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, வெயில்ல வந்ததா? தண்ணி தரவா?" என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மனைவி என்று எழுதினேன். முகம் எரிந்தது. முப்பது வருஷ சிநேகிதியிடம் முதல் தடவையாகத் திருடி மாதிரி நின்றேன்.

பிரதி இதோடு இருக்கிறது. என் பெயரும் அதில் இருக்கிறது, சாமியார் அதையும் கேட்பார், யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கல்யாணச் சான்று இந்தக் கவுண்டிப் பக்கம் வரவே கூடாது. டார்லாவுக்காகக் கேட்கிறேன்.

கேட்காமலே ஒரு புத்தியும் சொல்கிறேன். சாமியாருக்கு முன்னால் எமிலிடம் சொல்லுங்கள். தானாகத் தெரியவந்தால் அந்த மனுஷனுக்கு அது இரண்டு மடங்கு வலிக்கும். எனக்கு எப்படித் தெரியவந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஓலெட்டா


ஹோலுப்
2 ஏப்ரல் 1981

அன்புள்ள ஓலெட்டா,

பிரதி பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் பட்ட கஷ்டத்துக்கு நான் என்ன நன்றி சொன்னாலும் போதாது. என் சான்று என் பெட்டியைவிட்டு வெளியே வராது, இது சத்தியம்.

நீங்கள் சொன்னபடி எமிலிடம் சொன்னேன். காகிதத்தை மேஜையில் வைத்தேன். தேதியைப் பார்த்தார். முதலில் சிரித்தார். தான் ஏற்றின மெழுகுவர்த்தியால்தான் ஆல்வின் இவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்கிறார் போல என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியது.

"அப்போ அவர் உன் கையப் பிடிச்சுக்கிட்டார்னு சொன்னது?"

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"அத நான் ஆக்னஸ் கிட்ட சொன்னேன், அல்பினா. அவ அத நம்பித்தான் கண்ண மூடினா."

எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். ஊரார் என்ன பேசுவார்கள் என்று பயந்து இத்தனை வருஷம் ஓட்டினேனே, அந்த ஊரார் பார்த்தது அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை. எமில் என்னைப் பார்க்காததுதான் தெரிந்தது.

நேற்று வேலை முடிந்து வந்தார். வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஆல்வின் உண்மையில் எப்படி இறந்தார் என்று கேட்டார். தெரியாது என்றேன். "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு. நல்லதோ கெட்டதோ, நடந்தத சொல்லு. அதுக்கப்புறம் மத்ததப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காகிதத்தில் மாரடைப்பு என்றும், இரவு ஏழு மணி என்றும், உங்கள் வீட்டு விலாசமும்தான் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தவர். உங்களைக் கேட்பதற்கு எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன். அவர் எப்படிப் போனார்?

உங்கள்,
அல்பினா


பிளெட்சர் வெல்ஸ்
14 ஏப்ரல் 1981

அன்புள்ள அல்பினா,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். தபால்காரன் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். அவன் நல்லவன்.

ஏழு மணி என்பது நான் சொன்ன நேரம். மரணத்தைப் பதிய வந்த அதிகாரி கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார். உண்மை நேரம் யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் எங்களுக்குச் சண்டை. குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்தது. வழக்கம்போல உங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார், அல்பினா எதிர்த்துப் பேசினதில்லை என்று. எனக்கு அன்று பொறுக்கவில்லை. "அப்போ அவகிட்டயே போய்ச் சேரு" என்றேன். நீங்கள் செத்தவள் என்று நம்பிக்கொண்டுதான் சொன்னேன். என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்பவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். முறுக்கிக்கொண்டு உட்காருவது அவருக்குப் பழக்கம்தான். உட்காரட்டும் என்று டிவி பார்த்தேன். அவர் சாப்பாட்டை அடுப்பில்கூட வைக்கவில்லை. படுக்கப் போகும்போதுதான் போய்க் கதவைத் திறந்தேன். கை சில்லென்று இருந்தது. கதவுப்பக்கம் சாய்ந்திருந்தார், இறங்கப் பார்த்திருக்கிறார் போல.

வண்டிக்குள் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மடியில் தலை வைத்துப் போய்விட்டார் என்று எல்லாரிடமும் சொன்னேன். டார்லாவிடமும், பாஸ்டரிடமும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நூறு பேரிடம் சொன்னேன். உங்களைப் பொய்க்காரி என்று நினைத்த அன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை எமிலிடம் அப்படியே சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற எதையும் விட்டுவிட வேண்டாம். அவர் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவார் என்றே நினைக்கிறேன். உங்களால் உண்மையைச் சொல்ல முடிகிறது.

டார்லா ஈஸ்டருக்கு வருகிறாள். அப்பா எப்படிப் போனார் என்று மறுபடியும் கேட்பாள். என் மடியில்தான் என்று சொல்வேன்.

ஓலெட்டா